விடுங்க

சூரியத் தகடுகளின் மேல் வெயில் சரிந்துகொண்டிருந்தபோதே காற்றாலைகளும் ஒரேயடியாக நின்றுவிட்டன. பாழாய்ப்போன காற்று, இன்றைக்குப் பார்த்தா காலை வாரவேண்டும்!

இன்றுதான் எங்கள் பேட்டரி நிலையத்துக்குச் சோதனை. மாலை நேர மின்தேவையில் ஒரு பங்கை இனி பேட்டரிகள்தான் தரவேண்டும் என்று அரசு விதி போட்டிருந்தது. தேவை தணியும்வரை எங்கள் பேட்டரிகள் தாக்குப்பிடித்தால், பக்கத்து நிலத்தில் இன்னொரு வரிசைக்கு அனுமதி. நடுவில் கவிழ்ந்தால் இருப்பதற்கே பூட்டு. அதைப் பார்க்க அதிகாரிகள் எல்லாரும் நகரத்து மின் கட்டுப்பாட்டு அறையில் கூடியிருந்தார்கள். நாங்கள் கவிழ்ந்தால் கைகொடுக்க ஆற்றங்கரை எரிவாயு மின்நிலையம் தயாராக நின்றது. அங்கே ஷிப்டில் இருப்பவர் என் வீட்டுக்காரர். "உன் டப்பாங்களுக்கு மூச்சு வாங்கினா ஒரு குரல் குடு, நான் வர்றேன்" என்று காலையில் சீண்டிவிட்டுத்தான் போனார். வாய்க்கொழுப்பு!

எங்கள் பேச்சில், பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவது 'வாங்கு'. அதை ஊருக்கு அனுப்புவது 'விடு'. கட்டுப்பாட்டு அறையில் போனை எடுப்பவருக்குத் தொண்டை பெரிது. நாங்கள் வைத்த பெயர் ஒலிபெருக்கி.

"சார், காத்து நின்னுடுச்சு. இப்பவே விடட்டுமா?"

"அட, விடுங்க சார்!"

அவசரத்தில் என்னையும் சாராக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். வெளியே வெள்ளை பேட்டரிப் பெட்டிகளின் விசிறிகள் ஒன்றாக இரைந்தன.

"யாரும்மா இப்ப விடச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கிட்ட சொன்னேம்மா! இப்பவே காலி பண்ணிட்டா அப்புறம் என்ன பண்ணுவீங்க? நிறுத்துங்க!"

திரையைப் பார்த்தேன். காற்று நின்றதில் இந்நேரம் சரிந்திருக்கவேண்டிய மின்வரத்துக் கோடு, பெட்டிகள் விட்டதால் ஆடாமல் நின்றிருந்தது. இப்போது நிறுத்தினால், எரிவாயு நிலையம் வேகம் பிடித்து வருவதற்குள் பாதி ஊர் இருட்டாகிவிடும். எந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"நிறுத்தமாட்டேன் சார். அளவாத்தான் விடறேன். கடைசிவரைக்கும் வரும்."

"வரலைன்னா?"

"அப்ப என்னைக் கேளுங்க."

"சரி, உங்க பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

வீடுகளில் சமையல் முடிந்து, கடைகள் கதவை இழுத்து, தேவை இறங்கிய பிறகும் பெட்டிகளில் மிச்சமிருந்தது. மறுபடி போன்.

"பக்கத்து நிலத்தை அளக்க ஆள் வருது மேடம். நான் கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க, விடுங்க."

"எதைன்னு சேர்த்துச் சொல்லுங்க சார். என் விரல் இன்னும் பொத்தான் மேலதான் இருக்கு."

அங்கே ஒரு கூட்டமே சிரித்தது.

வெளியே வந்தால், ஷிப்ட் முடிந்து வந்து வேலியோரம் நிற்கிறார் வீட்டுக்காரர். சட்டையில் எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை.

"என்னைக் கூப்பிடவே இல்லையே" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"புது வரிசைக்கு ஆள் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. ஆனா நான் சொன்னபடி கேக்கணும்."

"வீட்ல மட்டும் என்னவாம்!"

சிரித்தார். ஆனால் கிளம்பவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். விசிறிகளின் வெதுவெதுப்பான காற்றில் அந்தச் சுத்தமான சட்டை படபடத்துக்கொண்டிருந்தது.