மாலை வேண்டுதலில் விடுபட்ட பெயர்

ஸவாயித் தீவின் தென்கரையில், முன்னொரு நாள் எரிந்து வழிந்து உறைந்த கரும்பாறைகள் கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்க, அவற்றின் துளைகளுள் புகுந்த அலைகள் தென்னை உயரத்துக்குச் சீறி எழுந்து வீழ, அக்காட்சியைப் பிறந்த நாள் முதல் கண்டு சலித்தவராகிய மாலேவா ஊரார் கடலைத் திரும்பியும் பாராது தத்தம் மாலைப் பணிகளை முடிக்க விரைந்துகொண்டிருந்தனர். ஈரப்பலா மரங்களின் நிழல் தெருவைக் கடந்து எதிர்வீட்டு முற்றத்துக் கல்லறைகளின்மேல் ஏறும் அவ்வேளையில்தான் முதற் சங்கு ஒலிக்கும். ஒலித்ததும், குளித்தவர் ஈரத் தலையோடும் குளியாதவர் குளித்தவர் போன்ற முகத்தோடும் வீடு திரும்புவர். இரண்டாம் சங்குக்குப் பின் தெருவில் ஒரு காலடியும் விழலாகாது. வெண்சட்டை அணிந்த காளையர் தெருவின் இரு முனைகளிலும் கைகட்டி நின்று, வரும் வண்டியையும் நிறுத்திவிடுவர். மூன்றாம் சங்கு ஒலிக்கும்வரை மாலேவா இறைவனுக்கு உரியது.

எம் வீடுகளுக்குத் தூண்கள் உண்டு, சுவர்கள் இல்லை என்பதை வாசகர் அருள்கூர்ந்து மனத்திற் கொள்ளவேண்டும். ஆதலால் ஒரு வீட்டின் வேண்டுதல் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் தெளிவாகக் கேட்கும். இன்னார் வீட்டில் இன்னாருக்கு இன்று நன்றி சொல்லப்பட்டது என்பதை ஊர் முழுவதும் அறியும். அவ்வேண்டுதல்களுள் பெயர்பெற்றது துயிலோமாவினுடையது. குடும்பத் தலைவர் என்னும் பட்டமும், கோயிலில் முதல் வரிசைப் பாயும், அடிவயிற்றிலிருந்து எழும் குரலும் வாய்த்த அம்முதியவர், அன்று கிடைத்த வெயிலுக்கும் காற்றுக்கும், அடுப்புக் குழியிலிருந்து எடுத்த சேப்பங்கிழங்குக்கும் நன்றி கூறியபின், தம் வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறைவன் முன் நிறுத்துவார். “பெப்பேக்காக நன்றி, அவள் உம் கைவேலை. எனேலேக்காக நன்றி, அவன் உம் கைவேலை” என்று மனைவியில் தொடங்கி, மகன், மருமகள் ஸியா, பேரக் குழந்தைகள் ஆனா, தோமா என இறங்கி, தோட்டத்திலிருந்து தேங்காய் சுமந்துவரும் நொண்டிக் குதிரைக்கும் ஒரு நன்றி கூறி, “இவர்களுள் ஒருவரும் மிகை அல்லர்” என முடிப்பார். பகல் முழுதும் திட்டு வாங்கித் தலை தொங்கியிருந்த பிள்ளையும் அந்த ஒரு சொல்லுக்குப் பின் நிமிர்ந்து உட்காரும். அவ்வீட்டில் சோற்றுக்குக் காத்திருந்தவரைவிடப் பெயருக்குக் காத்திருந்தவரே மிகுதி.

ஆனால் பெப்பேக்கும் எனேலேக்கும் நடுவே முன்பு ஒரு பெயர் இருந்தது. மூத்த மகள் லாங்கியின் பெயர் அது. இருபத்து மூன்றாம் வயதில் அவளை மறைப்பணிக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கு மணம் பேசினர். மனைவியில்லாதவனுக்குப் பணியிடம் கிடையாது என்பதால் மணமகன் வீட்டார் பெரிதும் விரைந்தனர். சீராகப் பாய்கள் கைமாறின; பன்றிகள் அறுபட்டன. மணநாள் விடியலில் லாங்கி யாரிடமும் சொல்லாது படகேறி, பின்னர் வானூர்தி ஏறி, நியூசிலாந்து சென்றுவிட்டாள். துயிலோமா, பிழை பொறுக்க வேண்டும் எம் ஊர் முறைப்படி, குடும்பத்தின் பெரும்பாயைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, மணமகன் வீட்டு முற்றத்தில், குனிந்த தலை நிமிராமல் உச்சிவெயில்வரை மண்டியிட்டிருந்தார். அவ்வீட்டார் மனமிரங்கிப் பாயை விலக்கிய பிறகே எழுந்து வந்தார். அன்று மாலை, பெப்பேக்கு அடுத்து எனேலேயின் பெயர் வந்தது. ஊரே கேட்டது. ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே சென்றன.

பத்தாம் ஆண்டின் புரட்டாசியில் கிழவர் தாமாகவே இளகினார். குழந்தைகள் வெள்ளாடை உடுத்திக் கோயிலில் வசனம் ஒப்பிக்கும் வெள்ளை ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியை அழைத்து, லாங்கிக்குத் தொலைபேசியில் சொல்லுமாறு பணித்தார். பெப்பேயோ அவசரத்தில் எண்களை மும்முறை தவறாக அழுத்தி, யாரோ ஒரு வெள்ளையரிடம் வசையும் வாங்கி, நான்காம் முறை மகளைப் பிடித்தாள். மகள் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத் துயிலோமா கிழங்குத் தோட்டத்தில் சாய்ந்தார். வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று.

லாங்கி வந்து இறங்கினாள். ஒன்பதாண்டுகள் முதியோர் இல்லமொன்றில் பிறர் தந்தையரைக் குளிப்பாட்டிப் பழகிய கைகள் அவளுடையவை. பையை இறக்கிவைத்த கால் நாழிகைக்குள் தன் தந்தையைத் துடைத்து, புரட்டி, உடைமாற்றி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்திருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு என்ன சொன்னாருன்னு கேட்டுக்கடி,” என்றாள் பெப்பே. “‘அவ வந்து பாய்ல உட்காரட்டும், நான் பேரைச் சொல்றேன்’னு சொன்னாரு. இந்த வாயாலதான் சொன்னாரு.”

“சொன்னதே போதும்மா.”

“உனக்குப் போதுமோ என்னமோ. அவருக்குப் போதாது.”

இரண்டாம் சங்கு ஒலித்தது. எனேலே தயங்கித் தயங்கிப் பாட்டெடுத்தான். பாட்டு முடிந்து அவன் வேண்டுதலைத் தொடங்க வாய் திறக்குமுன், மூன்று நாள்களாக முனகலன்றி வேறறியாத அந்த வாயிலிருந்து, அடிவயிற்றுக் குரல் சற்றும் குன்றாமல், “ஆண்டவரே, இந்த வெயிலுக்காக நன்றி” என்று வேண்டுதல் எழுந்தது. ஸியா வாய்பொத்தி அழுதாள். அடுத்த வீட்டில் பாட்டு பாதியில் நின்றது. காற்றுக்கு நன்றி, கிழங்குக்கு நன்றி என்று அது வழுவாமல் வர, லாங்கி மூச்சை அடக்கிக்கொண்டு முன்னே சாய்ந்தாள். “பெப்பேக்காக நன்றி, அவள் உம் கைவேலை. எனேலேக்காக நன்றி.” குரல் இடையில் நிற்கவேயில்லை. இறுதிச் சொல்வரை ஓடி முடிந்ததும் கிழவர் கண் திறந்து மகளைப் பார்த்து உதடுகளைக் கூட்டினார். “எனேலே” என்றே வந்தது. மறுபடி முயன்றார், மறுபடியும் எனேலே. இடக்கையால் பாயை ஓங்கி ஓங்கி அடித்தார்.

மறுநாள் வந்த ஊர்ச் செவிலி தாலிதா இதனைக் கேட்டு வியப்படையவில்லை.

“பேசறது வேற, பழகினதைச் சொல்றது வேற. பாட்டு, வசனம், ஒன்னு ரெண்டு எண்றது, இதெல்லாம் தனியா ஒரு மூலையில கிடக்கும். அந்த மூலை அடிபடல. ஆனா அதுக்குள்ள புதுசா ஒன்னைச் சொருக முடியாது.”

“புதுசா?” என்றாள் லாங்கி. “இருபத்து மூனு வருஷம் சொன்ன பேரு தாலிதா அது.”

“ஒன்பது வருஷமா சொல்லாம இருந்தாரே. அதுவும் பழக்கம்தான்.”

நாள்கள் சென்றன. வெள்ளை ஞாயிறும் வந்து போயிற்று. காலையில் குளிப்பாட்டுவதும், ஈரப்பலாக் கூழைக் கரண்டியால் ஊட்டுவதும், மாலையில் தன் பெயரில்லாத வேண்டுதலைக் கேட்பதுமாக லாங்கி இருந்தாள். அம்மாதத்தில் நொண்டிக் குதிரை இறந்துபோயிற்று. எனினும் வேண்டுதலில் அது நாள்தோறும் தேங்காய் சுமந்துகொண்டுதான் இருந்தது.

“செத்த குதிரைக்கு அங்க இடமிருக்கு,” என்று ஒருநாள் லாங்கி சிரித்தாள். “எனக்குத்தான் இல்ல.”

“அது ஓடிப்போகலையே அக்கா,” என்றான் எனேலே, தானும் சிரித்தபடி.

சொல்லியபின் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஸியா தலை நிமிராமல், “உங்க வாய்க்கு ஒரு நாள் நான் பூட்டுப் போடறேன்,” என்றாள். லாங்கியோ, அவன் சொன்னது சரிதானே என்று எழுந்து கிணற்றடிக்குச் சென்று, அங்கே நெடுநேரம் ஒரே துணியை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு பெயர், மூன்றெழுத்து. அதற்காக முப்பத்திரண்டு வயதுப் பெண் ஏங்குவதா என்று தன்னைத் தானே கடிந்துகொண்டாள். அந்த ஏக்கம் கடிந்து தீர்வதாயில்லை. முதியோர் இல்லத்தில் எத்தனையோ கிழவர் அவளைத் தம் மகளென்று மயங்கி வேறு பெயர்களால் அழைத்ததுண்டு. அத்தனைக்கும் அவள் முகங்கோணாமல் ஏனென்று கேட்டிருக்கிறாள். இங்கே மயக்கமில்லை, அவர் அவளை அறிந்திருந்தார். அறிந்தும் அழைக்க முடியாத அந்தக் கண்களைத்தான் அவளால் தாங்க இயலவில்லை.

அன்று மாலை அவள் ஒரு பிழை செய்தாள். “பெப்பேக்காக நன்றி, அவள் உம் கைவேலை” என்று குரல் முடித்து மூச்செடுத்த சிற்றிடைவெளியில், “லாங்கிக்காக நன்றி” என்று தானே சொல்லி, அவர் பிடித்துக்கொள்வாரென்று எதிர்பார்த்திருந்தாள். குரல் அறுந்தது. இருட்டில் படியென்று கால்வைத்துப் படியைக் காணாதவர்போலத் துயிலோமா திகைத்தார். மீண்டும் வெயிலிலிருந்து தொடங்கினார், பெப்பேவரை வந்தார், நின்றார். மீண்டும் வெயில், மீண்டும் பெப்பே. மூன்றாம் சங்கு ஒலித்து, தெருவில் ஆள்கள் நடக்கத் தொடங்கி, மிதிவண்டி மணியும் கேட்டபோது அவர் இன்னும் பெப்பேயைத் தாண்டியிருக்கவில்லை. வியர்த்து நனைந்த அவர் தலையை மார்போடு அணைத்து, “விடுங்கப்பா, விடுங்க,” என்று லாங்கி அழுதாள்.

அதன்பின் நான்கு மாலைகள் அவர் வாய் திறக்கவேயில்லை. ஊர் முழுதும் பாட, அந்த ஒரு வீடு வாயடைத்துக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பெண் வாழைக்காய் கொடுக்க வந்தவளைப்போல வந்து, “என்ன, உங்க வீட்டுல சத்தமே காணோமே?” என்று கேட்டுப் போனாள்.

“அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்னுதான்டி,” என்றாள் பெப்பே. குரலில் சினமில்லை, சோர்வே இருந்தது.

“தெரியும்மா. இனிமே நான் அதுல கை வைக்கமாட்டேன்.”

ஐந்தாம் மாலை லாங்கி தன் பாயை எடுத்துக்கொண்டு, தந்தையின் கண்ணுக்கு எட்டாதபடி, பின்புறத்துத் தூணுக்கு அப்பால் போய் அமர்ந்தாள். தன்னைத் தேடித் தடுமாறும் இடர் அவருக்கு வேண்டாம் என்பது அவள் எண்ணம். பாட்டு முடிந்தது. “ஆண்டவரே, இந்த வெயிலுக்காக நன்றி” என்று குரல் மெல்லத் தொடங்கியது. பெப்பே வந்தாள், எனேலே வந்தான், ஸியாவும் குழந்தைகளும், இறந்துபோன குதிரையும் வந்தனர். இவர்களுள் ஒருவரும் மிகை அல்லர் என்று சொல்லி அது இனிதே முடிந்தது. எல்லாரும் ஆமென் கூறினர்.

தலைகள் இன்னும் நிமிராத அவ்வேளையில், தூணுக்கு அப்பாலிருந்து லாங்கியின் குரல் கேட்டது. மேடைப்பேச்சு அறியாத, வேண்டுதலை முன்னின்று சொல்லிப் பழகாத குரல் அது.

“ஆண்டவரே, லாங்கிக்காகவும் நன்றி. அவ இங்கதான் இருக்கா. இன்னைக்கு அவங்கப்பாவைக் குளிப்பாட்டினா. நகம் வெட்டிவிட்டா. செஞ்சதெல்லாம் சரின்னு அவ சொல்லல. ஆனா அவளும் உங்க கைவேலைதான். அவளும் மிகையில்ல.”

பெப்பே கண் திறக்கவில்லை. எனேலே தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் அசையாத அவ்விடைவெளியில், “ஆமென்” என்றார் துயிலோமா.

வேண்டுதல் எதுவாயினும், வேண்டியவர் யாராயினும், அதன் இறுதியில் ஆமென் சொல்வது அறுபதாண்டுப் பழக்கம். தாலிதாவைக் கேட்டால் அந்த மூலையில் கிடந்த சொற்களுள் அதுவும் ஒன்று என்பாள். மகளின் பெயரைக் கேட்டு உள்ளம் உருகி இசைந்தாரா, நாக்கு தன் வழக்கப்படி அசைந்ததா என்பதை அவ்வீட்டில் ஒருவரும் அறியார். எல்லார் உள்ளமும் அறிந்தவன்போல இதுவரை கதை கூறிய யானும் அறியேன். லாங்கி அதை ஆராயவில்லை. கிடைத்ததைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு மாலையும் அவர் தம் வேண்டுதலை முடித்தபின் அவள் தன் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு மாலையும் அவர் ஆமென் சொன்னார். மற்றவர் வாய்மூடி அந்த ஓர் ஆமெனை அவருக்கென்றே விட்டுவைத்தனர். மனிதர் ஒருவர்க்கொருவர் கொடுக்க விரும்பிக் கொடுக்க இயலாமற்போவன மிகப்பல. அவற்றை நோக்க, ஒரு சொல்லளவேனும் கிடைத்தவர் பேறுபெற்றவரே. மாசி மாதப் பெருமழையில் துயிலோமா இறந்தார். அவரை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்தனர்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, இரண்டாம் சங்குக்குப் பின், “நீயே சொல்லு அக்கா,” என்றான் எனேலே. அவள் வெயிலுக்கு நன்றி கூறினாள், அன்று வெயிலே இல்லாதிருந்தும். பெப்பேக்கும், எனேலேக்கும், ஸியாவுக்கும், ஆனாவுக்கும், தோமாவுக்கும் நன்றி கூறினாள். பின்னர், “லாங்கிக்காக நன்றி, அவளும் மிகையில்ல” என்று தன் பெயரையும் சொல்லிவிட்டு, பழக்கத்தால், நிறுத்திக் காத்திருந்தாள். வீட்டார் யாவரும் பழக்கத்தால் வாய்மூடியிருந்தனர். ஓலைக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தச் சொல் வரவில்லை. சற்று நேரம் கழித்து, அவளே அதைச் சொன்னாள்.