பவளத்துக்குக் கிடைத்த ஓய்வு

மாப்பிள்ளை குதிரையில் வருகிறார் என்று யாரோ கத்தியதும் மண்டபத்தில் இருந்த பாதிக் கூட்டம் வாசலுக்கு ஓடியது. சந்திரகலா அப்போதுதான் மாலைக் கூடைகளை மணமேடைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வேலை பார்க்கும் பூக்கடையிலிருந்து கிள்ளானுக்கு அவற்றைக் கொண்டுவந்திருந்தாள். கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் குதிரை என்ற சொல் காதில் விழுந்ததும் அவளும் வாசலுக்குப் போனாள்.

செம்பழுப்புப் பெண் குதிரை. நெற்றியில் ஜிகினாப் பட்டை, முதுகில் சிவப்பு வெல்வெட், கழுத்தில் சலங்கை. அத்தனை அலங்காரத்துக்கு நடுவிலும் இடது காதின் நுனி கிழிந்திருந்தது தெரிந்தது.

பவளம்!

"இருக்காது" என்று வாய்விட்டுச் சொன்னாள். பவளம் ரவாங் பக்கம் ஒரு பண்ணையில் இருக்கிறது. யாரையும் சுமக்காமல் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. அதை அங்கே சேர்த்த மீனலோசனி அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். போன வாரம்கூடச் சொன்னார்.

உறுமிக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். மேளம் படபடவென்று உருண்டு ஏறியது. அடுத்து என்ன நடக்கும் என்று சந்திரகலாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்க! மேளத்த நிறுத்துங்க!"

அவள் படியிறங்கி ஓடுவதற்குள் பவளம் முன்னங்கால்களை மடித்துத் தார்ச்சாலையில் மண்டியிட்டுவிட்டது. மாப்பிள்ளை முன்னால் சரிந்து, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பித்தார். கூட்டம் கைதட்டியது.

"பொண்ணு வீட்டுக்கு வணக்கம் வைக்குது லா!" என்றார் ஒருவர், போனை உயர்த்திப் பிடித்தபடி.

அவள் முன்பு சவாரி செய்த சர்க்கஸில் மேளம் அப்படி உருண்டால் பவளம் மண்டியிட்டு வணங்க வேண்டும். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பாடாங்குத் திடல்களில், சந்திரகலாவை முதுகில் வைத்துக்கொண்டு அது வணங்கியிருக்கிறது. பிறகு அதன் முட்டிகள் வீங்க ஆரம்பித்தன. சந்திரகலா முதலாளி ஜபருல்லாவிடம் போய் நின்றாள். "பாய், அதுக்கு முடியல. அந்த ஐட்டத்த எடுத்துருங்க." அவர் ஒவ்வொரு தடவையும் அடுத்த ஊரில் பார்க்கலாம் என்பார். அடுத்த ஊரிலும் மேளம் உருளும்.

அந்தச் சமயத்தில்தான் மீனலோசனி கூடாரத்துக்குப் பின்னால் வந்து அவளைச் சந்தித்தார். ஓய்வு பெற்ற வழக்கறிஞர். விலங்குகளுக்காக ஒரு சங்கம் நடத்துகிறவர். "நீங்கள் பத்திரிகைக்காரருக்கு முன்னால பேசினால் போதும். பவளத்துக்கு ஓய்வு கிடைக்கும். அது சாகிற வரைக்கும் நாங்கள் பாத்துக்கொள்ளுவம். இது என்ர வாக்கு" என்றார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

சந்திரகலா பேசினாள். வீங்கிய முட்டிகளின் படம் பேப்பரில் வந்தது. அனுமதி போய், சர்க்கஸ் மூடியது. கூட வேலை செய்தவர்கள் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூடாரம் பிரித்த நாளில் ஜபருல்லா, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கலா" என்றார். எத்தனை தடவை சொன்னோம் என்று அவள் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பவளத்தைப் பண்ணையில் போய்ப் பார்க்கவும் இல்லை. சர்க்கஸ் ஆட்களைப் பார்த்தால் குதிரை மிரளும் என்று மீனலோசனி சொல்லியிருந்தார். அதையும் நம்பினாள்.

இப்போது அந்தக் குதிரை எழுந்திருக்க முடியாமல் நடுச்சாலையில் தவித்துக்கொண்டிருந்தது. கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவனை அவள் தள்ளிவிட்டாள். வெல்வெட்டை உருவிப் போட்டாள். "வா தங்கம், வா, மெதுவா" என்று கழுத்தடியில் தோளைக் கொடுத்தாள். பவளம் அவள் கையை முகர்ந்தது. பிறகு ஒரு காலை முன்னால் நீட்டி, உடம்பெல்லாம் நடுங்க எழுந்து நின்றது. இரண்டு முட்டிகளிலும் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

கடிவாளம் பிடித்திருந்தவன் பெயர் தனேஷ். பூச்சோங்கில் நாலைந்து குதிரைகளை வைத்துக் கல்யாணங்களுக்கு அனுப்புகிறவன்.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"திருடிட்டா வந்தேன்? சங்கத்து மேடம்தான் குடுத்தாங்க. லைட் வேலைக்கு வச்சுக்கலாம்னாங்க. மேளம் கேட்டா மண்டி போடும்னு யாருமே சொல்லலக்கா."

"எப்ப குடுத்தாங்க?"

"போன தீபாவளிக்கு முந்தியே."

சந்திரகலா ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு மீனலோசனி வீட்டுக்குப் போயிருந்தாள். பவளம் நன்றாகக் கொழுத்துவிட்டது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"எனக்கு இனிமே இது வேணாம். நாளைக்குள்ள யாராச்சும் எடுத்துட்டுப் போங்க" என்றான் தனேஷ்.

அன்று மத்தியானமே அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் மீனலோசனி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் அவர். அவள் உட்காரவில்லை.

"பவளத்தப் பாத்தேன் மேடம். கிள்ளான்ல."

மீனலோசனி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"பண்ணைக்காரர் வைச்சிருக்க ஏலாது எண்டுட்டார். நானும் எத்தனையோ இடத்தில கேட்டுப் பாத்தன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னால் நீங்கள் திரும்பவும் பேப்பருக்குப் போவீங்கள். சங்கத்துக்கு ஒரு குதிரையைக்கூடப் பாக்க வழியில்லை எண்டு எழுதுவாங்கள். அடுத்த மாசம் அமைச்சில எங்கட கூட்டம். ஒரு குதிரைக்காக மிச்ச மிருகங்கள் எல்லாத்தின்ர விஷயத்தையும் கெடுக்கச் சொல்லுறீங்களா?"

"என்னப் பேச வச்சப்ப அந்த ஒரு குதிரையத்தானே காட்டுனீங்க மேடம்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மூட்டு அவ்வளவு மோசமெண்டால் டாக்டரை அனுப்புறன். ஒரு ஊசி போட்டால் வலி தெரியாமல் கண்ணை மூடியிடும்" என்றார்.

சந்திரகலா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருவில் நடக்கும்போது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வாய் மட்டும் கசந்தது. பாய் எதையும் மறைக்கவில்லை, செய்ததைக் கண்ணெதிரேதான் செய்தார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள்மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

மண்டபத்திலிருந்து தனேஷ் பவளத்தைப் பூச்சோங் லாயத்துக்குக் கொண்டுபோயிருந்தான். மறுநாள் அங்கே லோரியோடு வந்து இறங்கியவர் ஜபருல்லா. அவர் இப்போது காப்பார் என்ற ஊரில் மகள் ருக்சார் வீட்டில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. முந்தின இரவு சந்திரகலா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். வருவார் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. நேராகப் பவளத்திடம் போய்க் குந்தி உட்கார்ந்தார். முட்டிகளில் கை வைக்கப் போய், வைக்காமல் இழுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. எழுந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார்.

குதிரையை ஏற்றி முடித்ததும் சந்திரகலா, "நானும் வரேன் பாய். கட்டு மாத்தணும்" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"அப்பப்ப வந்து பாத்துட்டாவது..."

"வேணாம் கலா. இத நான் செஞ்சேன், எனக்குத் தெரியுது. ஆனா நீ ஊர் முன்னாடி வச்சுச் சொன்ன. உன் முகத்தப் பாத்தா எனக்கு அதான் ஞாபகம் வருது."

லோரி போய்விட்டது. நியாயம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததால் அவளால் சண்டை போடவும் முடியவில்லை.

ருக்சார் நல்ல பெண். அப்பாவுக்குத் தெரியாமல் அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள். மருத்துவர் வந்தார், வீக்கம் வடிகிறது, மேளச் சத்தம் எதுவும் இங்கே கேட்காது என்று. ஒரு வீடியோவில் பவளம் வாழை மரங்களுக்கு நடுவில் வெயிலில் படுத்திருந்தது. சந்திரகலா கடையில் பூ கட்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அமைச்சுக் கூட்டம் நெருங்கியபோது மீனலோசனி போனில் கூப்பிட்டார். குரலில் பழைய கனிவு.

"பவளம் இப்ப நல்ல இடத்தில இருக்காம், கேள்விப்பட்டன். நல்ல சந்தோஷம். நீங்கள் மேடைக்கு வந்து, குதிரைக்கு ஓய்வு கிடைச்சிட்டுது எண்டு ரெண்டு வார்த்தை சொல்லுவீங்களா?"

"சொல்றேன் மேடம். யார் வீட்டுல இருக்குன்னும் சொல்வேன். நடுவுல எங்க இருந்துச்சு, யார் குடுத்தாங்கன்னும் சொல்வேன். பரவாயில்லையா?"

தொடர்பு அறுந்தது. அந்த எண்ணிலிருந்து அதற்கப்புறம் அழைப்பு வரவே இல்லை.