ஒரு பூவுக்கு இருபது நிமிடம்

1.

இந்தக் கதை ஒரு வீடியோவால் வந்த வினை. 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருப்பதால், பட்டுத் தறிக்கூடம் பார்க்கப் போனவனுக்கு ரசலையன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாகர்கோவில்காரன், சென்னையில் வேலை, விடுமுறைக்கு ஊர் சுற்ற வந்தவன். உங்களுக்கு அவனைப் பிடிக்காமல் போகலாம். எனக்கே பிடிக்கவில்லை.

2.

'வடசேரியின் பட்டுப் பளபளப்பில் ஒரு காலம்...' (வேண்டாம். கூடத்தில் டியூப்லைட்தான் எரிந்தது.)

செல்லக்கனி வேலையை முடித்து, குழித்தறியிலிருந்து ஏறி, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்திருந்தாள். ரசலையன் எடுத்த வீடியோ ஆடிப்போயிருந்தது.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவ. துணியில பூ விழுகத மட்டும். பத்தே நொடி."

"சாரே, எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆப்பரேஷன். நாலு மணிக்கு நெய்யூர் ஆஸ்பத்திரில டாக்டர் வந்து பேசுவாரு. கையெழுத்துப் போட நான் இல்லேன்னா திங்கக்கெழமைக்குத் தள்ளிருவாவ."

"பத்து நொடிதான்க்கா."

பக்கத்தில் நின்ற தறி முதலாளி அவளைப் பார்த்தார். அவள் மறுபடியும் குழியில் இறங்கினாள்.

3.

(இந்த இடத்தில் அவள் மறுப்பதாக நாலு வரி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது எப்படி மறுப்பாள்? அடித்துவிட்டேன்.)

பத்து நொடி முடிந்தது. போன் பைக்குள் போயிற்று. அவள் நெய்துகொண்டே இருந்தாள்.

"போதும்க்கா, எந்திரிங்க."

"பூவப் பாதில விட்டா துணியில வரி விழும் சாரே. தொடங்குனா முடிச்சிட்டுதான் எழும்பணும். இருவது நிமிஷம் ஆவும்."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

குரலில் கோபமே இல்லை, களைப்புதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

4.

முடிவு அ: டாக்டர் அன்றைக்குத் தாமதமாக வருகிறார். (சினிமா.)

முடிவு ஆ: ரசலையன் அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு

அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. திருவனந்தபுரம் போகிற கார், பின்சீட் காலி, வழியில் கொஞ்சம் திரும்பினால் நெய்யூர். வடசேரி பஸ் ஸ்டாண்டு வாசலில் அடுத்த பஸ்ஸுக்காக அவள் நின்றதை அவன் பார்த்தான். காலையிலிருந்து அலைந்த அலுப்பு, இனி எங்கே திரும்பி... சே, என்ன சாக்கு இது. அவன் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

5.

வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். பூ அழகாக விழுகிறது என்றார்கள். அவளுக்கும் அனுப்புவதாகச் சொல்லி அன்றைக்கே நம்பர் வாங்கியிருந்தான். ஆறு வாரமாகியும் அனுப்பவில்லை. கூப்பிட்டு, "அண்ணனுக்கு இப்பம் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால் போதும், முடிவு தெரிந்துவிடும்.

நல்லதாக ஒன்றை நீங்களே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.