மூன்றாவது ஊசி

கோக்-பெல் கிராமத்தில் ஆறு வயது கூமுஷுக்குப் போட்ட தட்டம்மைத் தடுப்பூசி மருந்து, மறுநாள் காலை அவள் தோளில் ஊசி குத்திய துளை வழியாகவே ஒரு சொட்டு குறையாமல் வெளியே வந்து கம்பளத்தின்மேல் நின்றது. அவளோடு ஊசி போட்டுக்கொண்ட பெரியப்பா பிள்ளைகள் மூவருக்கும் மருந்து சமர்த்தாக உள்ளேயே இருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் தட்டம்மைக்குக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த சமயம். கூமுஷின் தாய் உல்கான் அந்த மருந்தைக் கிண்ணத்தில் வழித்தெடுத்துக்கொண்டு டாக்டர் ஷெர்காசியிடம் ஓடினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஊசி போட்டார். அதுவும் வெளியே வந்தது.

"ரெண்டு ஊசிதாம்மா கணக்கு. போட்டாச்சு. வெளிய வந்தா நான் என்ன பண்ண முடியும்?"

"ஊசி உள்ள இருக்கறதுக்கா, வெளிய வர்றதுக்கா டாக்டர்?"

அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். உல்கானுக்குக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

மாமனார் எசென்குல் சும்மா இருக்கவில்லை. தந்தை வழியில் ஏழு தலைமுறைப் பாட்டன்களின் பெயர் சொல்லத் தெரியாதவனை அந்த ஊரில் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே அவர் ஓர் ஆட்டை அறுத்து, ஆண்களைக் கூட்டி, எந்தப் பாட்டனின் இரத்தம் மருந்தைத் துப்புகிறது என்று விசாரணை வைத்தார். பொழுது சாய்வதற்குள் பழி நான்காம் பாட்டன் மோல்தோபாய் தலையில் விழுந்தது. அவர் குதிரைப்பாலை மிதமிஞ்சிக் குடித்தவராம். ஆடு தீர்ந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது.

"அந்த மூணு பிள்ளைங்களுக்கும் அதே பாட்டன்தானே மாமா? அதுங்களுக்குத் தங்குதே! எங்கம்மா வழியையும் கொஞ்சம் விசாரிங்களேன்."

"தண்ணி எப்படின்னு பாக்கணும்னா தண்ணியைத்தாம்மா பாப்பாங்க. குடத்தையா பாப்பாங்க?"

"ஒழுகினா குடத்தைத்தான் பாக்கணும் மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். உல்கானுக்கு அழுகை வந்தது. மறுநாளே பனியில் கணவாயைத் தாண்டி, இறந்துபோன தன் தாயின் தங்கை சுராகானைத் தேடிப் போனாள். சித்தி குதிரையிடம் பால் கறந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "உங்கம்மா சாத்கினுக்கும் இப்படித்தான்டி. ரெண்டு ஊசி வெளிய வந்துரும், மூணாவதுதான் தங்கும். தங்குறப்போ காய்ச்சல்ல வீடே கொதிக்கும். பயந்துராதே."

"இதை ஏன் சித்தி யாருமே சொல்லல?"

"யாருடி கேட்டாங்க?"

ஊர் திரும்பி மூன்றாவது ஊசி கேட்டபோது டாக்டர் முடியாது என்றார். உல்கான் அவர் வாசற்படியிலேயே மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகவும் வெளியே வரவும் வழியில்லாமல் போனபோது, அவர் திட்டிக்கொண்டே மூன்றாவது ஊசியைப் போட்டார். மாலைக்குள் குழந்தையின் கட்டிலருகே வைத்திருந்த கெட்டில் அடுப்பில்லாமலே கொதித்தது. கொல்லக் கொடுத்துவிட்டோமோ என்று உல்கான் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நடுக்குளிர்காலத்தில் அந்த வீட்டு மண்கூரையில் மட்டும் பனி உருகி, முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. நான்காம் நாள் கூமுஷ் எழுந்து ரொட்டியும் பாலாடையும் கேட்டாள். மருந்து வெளியே வரவில்லை.

வசந்தத்தில் தட்டம்மை ஊருக்குள் வந்தது. கூமுஷின் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கூரையில் புல் அப்படியே நின்றது. ஊரார் ஏணி வைத்து, நோஞ்சான் ஆட்டுக்குட்டிகளை மேய்ச்சலுக்கு ஏற்றிவிட்டார்கள். டாக்டரும் இரண்டைக் கொண்டுவந்தார், கேட்காமலே.

அந்த ஆண்டு விருந்தில் பேரப்பிள்ளைகள் வழக்கம்போல ஏழு பாட்டன்களையும் ஒப்பித்தார்கள். எசென்குல் எட்டாவதாக ஒரு பெயரைச் சேர்த்திருந்தார்: பாட்டன் சாத்கின்.

"மாமா! அது எங்கம்மா!"

"தெரியும்மா. பெருமைப்படுத்தித்தானே சொல்றோம். பொம்பளைன்னா லிஸ்ட்ல எங்க வைக்கிறது?"

உல்கான் கத்தித் தீர்த்தாள். யாரும் மாற்றவில்லை. அன்றிலிருந்து பாட்டன் சாத்கினுக்காகவும் அந்த வீட்டில் பிரார்த்திக்கிறார்கள். உல்கானும் பல்லைக் கடித்தபடி கையேந்துகிறாள், எப்படியாவது அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று.