பத்து மெஷின் தூரம்

நூல் ஆலையின் அந்த ஷெட்டுக்குள் காது என்பது தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் அலங்காரம், அவ்வளவுதான். மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் எல்லோரும் கையால்தான் பேசினார்கள். நூல் தீர்ந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறார், உன் தலையில் பஞ்சு, நேற்று உன் மாமியார் என்ன சொன்னாள், எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது. கெட்ட வார்த்தைக்கும் இருந்தது. அதற்குத்தான் நிறைய இருந்தது.

நெட்டை அங்கே ஆறு வருடமாக நூலைக் கோனில் சுற்றும் மெஷினில் நிற்கிறாள். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். மற்றவர்கள் எக்கிப் பார்ப்பதை அவள் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுவாள். அவள் தங்கியிருப்பது அக்கா வீட்டில்; அக்கா புருஷன் அதே ஷெட்டில் பிட்டர். மெஷின் பழுதானால் அவர்தான் வரவேண்டும். வீட்டில் அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. "சாப்பிட்டியா?" என்பார். பதில் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

"இந்த மனுஷனைக் கட்டினதுக்கு ஒரு சுவரைக் கட்டியிருந்தா ஆணியாவது அடிச்சிருக்கலாம்" என்பாள் அக்கா.

ஷெட்டிலோ அவர் வேறு ஆள். மேனேஜர் நடக்கிற நடையை இரண்டு விரலாலேயே நடந்து காட்டுவார். பத்து மெஷின் தள்ளி நிற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன மாதம் ரேடியோவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ரேடியோ, நெட்டைக்குப் பக்கத்து மெஷின்காரி. கை ஓயாமல் ஊர் வம்பு பேசுவதால் அந்தப் பெயர். அன்று பிட்டர் அவளுடைய மெஷினில் பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு போல்ட் எடுக்க ஷெட்டின் மறுகோடிக்குப் போயிருந்தார். சூப்பர்வைசருக்கு அவசரம். ஓட்டலாமா என்று தூரத்திலிருந்தே விரலைச் சுழற்றிக் கேட்டார். பிட்டர் இரண்டு விரலைத் தூக்கி ஆட்டினார்: ரெண்டு நிமிஷம். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டார்: ஓட்டாதே. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முதுகு காட்டி நின்ற ரேடியோவின் தோளைத் தட்டினார். அவள் பட்டனை அழுத்தினாள்.

'பிட்டர் என்னை எச்சரிக்கவில்லை, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்' என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். "சொன்னேன்" என்றார் பிட்டர். அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியவில்லை. இரண்டு பேரையும் ஒருசேரப் பார்த்தவள் நெட்டை ஒருத்திதான். விசாரணையில் அவள் சொன்னால் அவர் வேலை தப்பும். இல்லாவிட்டால் பதினெட்டு வருட வேலையும் போகும், ரேடியோவின் விரல்களும் அவர் தலையில் விழும்.

விசாரணைக்கு முதல் நாள் அவர் ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து நெட்டையைப் பார்த்தார். தன் கண்ணைத் தொட்டார், அவளைக் காட்டினார், உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார். நீ பார்த்தாய், எனக்காகச் சொல். வீட்டில் ஒரே அடுப்படியில் நின்றும் அவர் இதைக் கேட்டிருக்கவில்லை. நெட்டை தன் தலையில் கையை வைத்துக் காட்டினாள். என் பொறுப்பு, மாமா.

அன்று சாயங்காலம் ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஏழு வரி எழுதினாள். குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சொல்லும்போது, நிஜமாகவே பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

விசாரணை அறையின் கதவு மூடியதும் மெஷின் சத்தம் அறுந்து விழுந்தது. அந்த அமைதியில் அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, மேனேஜர், டைப் அடிக்கும் பெண். ஓரத்து நாற்காலியில் சூப்பர்வைசர். நெட்டையை உட்காரச் சொன்னார்கள். நாற்காலி அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

"சொல்லுங்கம்மா."

"அன்னைக்குக் காலையில ஷிப்டுல..."

டைப் அடிக்கும் பெண் திடுக்கிட்டாள். அதிகாரி கையை உயர்த்தினார். "அம்மா, நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம். அடுத்த தெருவுல இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டைக்குக் காது மடல் சுட்டது. ஆறு வருடத்தில் அவள் தொண்டைக்குக் கத்தத் தெரியும், சும்மா இருக்கத் தெரியும். நடுவில் எதுவும் தெரியாது. ஏழு வரியில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"சரி, நானே கேக்கறேன். பிட்டர் என்ன சொன்னார்?"

"ரெண்டு நிமிஷம் பொறுன்னாருங்க." இப்போது குரலே வரவில்லை.

"எவ்வளவு தூரத்துல இருந்தார்?"

"பத்து மெஷின் தள்ளி."

"அவர் குரல் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"அங்க யாரும் வாயால பேசமாட்டோம்ங்க. கைதான்."

"எங்கே, காட்டுங்க."

அது தோளிலிருந்து, முழங்காலிலிருந்து கிளம்பவேண்டிய கை. இங்கே முழங்கை மேஜையில் இடித்தது. சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது உயரத்துக்கு இரண்டு விரல் எழுந்து, ஆடாமல் நின்றது.

"ஸ்கூல்ல வெளிய போகணும்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர். சூப்பர்வைசர் தலையைக் குனிந்து சிரித்தார். நெட்டை விரலை மடக்கிக்கொண்டாள். மற்றக் கையைத் தூக்கவே இல்லை.

"சார், இதை எப்படி அடிக்கறது?" என்று கேட்டாள் டைப் அடிக்கும் பெண்.

அதிகாரி யோசித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "'பிட்டர் பேசியது எதுவும் சாட்சியின் காதில் விழவில்லை'ன்னு போடுங்க. அது உண்மைதானேம்மா?"

எழுந்து அந்தச் சுவர் வரை போய், திரும்பி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டுக் காட்டியிருக்கலாம். நாலே எட்டு வைத்தால் போதும். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

"ஆமாங்க" என்றாள்.

தாளை நீட்டினார்கள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தாள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

"அப்போ எச்சரிச்சதுக்குச் சாட்சி இல்லை" என்று அதிகாரி மேனேஜரிடம் சொன்னது, அவள் கதவைத் திறக்கும்போது கேட்டது. மிக மெதுவாகத்தான் சொன்னார். அந்த அறையில் அதுவே போதுமாக இருந்தது.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் அவளை மூடிக்கொண்டது. பத்து மெஷினுக்கு அந்தப் பக்கம் பிட்டர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளங்கையை மலர்த்தி, புருவத்தை உயர்த்தினார். என்ன ஆச்சு?

தோற்றுவிட்டேன் என்பதற்கும் அங்கே ஒரு கை இருந்தது. மன்னித்துவிடு என்பதற்கும் இருந்தது.

அவள் பார்க்கவில்லையோ என்று நினைத்து, அவர் இன்னும் பெரிதாக, இரண்டு கையாலும் கேட்டார். நெட்டை மெஷின் பக்கம் திரும்பினாள். எந்த நூலும் அறுந்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு நூலைத் தானே அறுத்து, தலை குனிந்து, முடிச்சுப் போடத் தொடங்கினாள்.