ஒன்பதின்மர் நின்ற கூடம்

ஓர்ப் ஆறு கரும்பாறைகளை வளைத்தோடித் தென்கடல் நோக்கி இறங்கும் சரிவில், கொடிமுந்திரி பறித்து முடிந்த தோட்டங்கள் செம்பழுப்பாய்க் கிடக்க, பழம் பிழிந்த தொட்டிகளினின்று எழுந்த புளித்த மணம் தெருவெல்லாம் நிறைந்திருக்க, ஓய்வுநாட் காலையின் இளவெயில் எங்கள் மொந்தேரா ஊரின் மதில்மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அம்மதிலுக்குள் யூதராகிய எம் மக்களின் வீடுகள் ஏழு. பதின்மூன்று அகவை கடந்த ஆண்கள் சரியாகப் பதின்மர். அதில் ஒருவர் குறைந்தாலும், படிப்போரே, எங்கள் பாடு திண்டாட்டந்தான். பதின்மர் கூடாத இடத்தில் சட்டச்சுருளைத் திறந்து வாசிக்கவும் ஆகாது, இறந்தோர் பொருட்டு எழுந்து இறைவனை வாழ்த்தவும் ஆகாது.

அப்பதின்மருள் ஒருவர் ரபி மக்கீர், எங்கள் ஆசானும் நடுவரும் ஆனவர். மற்றொருவர் துரான், மருத்துவர், கிரேக்கர் நூல்களில் ஊறித் திளைத்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த துரானைத் தம் மகனோடு மகனாய் உணவூட்டி வளர்த்தவர் மக்கீரின் தாய் தொல்சா அம்மையார். அவ்வம்மையார் கோடையின் தொடக்கத்தில் கண்மூடினார். அன்றுமுதல் நாள்தோறும் கூட்டத்தின் நடுவே எழுந்து அவருக்கான வாழ்த்துரையைச் சொல்லிவந்தார் மக்கீர். பதினொரு திங்கள் சொல்ல வேண்டிய கடன் அது.

இந்நிலையில்தான் பெருநகரத்து அறிஞர்களிடமிருந்து ஓர் ஓலை வந்தது. இருபத்தைந்து அகவை நிரம்பாதோர்க்குக் கிரேக்க மெய்யியலைக் கற்பிப்பவன் எவனோ, அவனை முப்பது நாள் விலக்கி வைக்க வேண்டும். எவரும் அவனை நான்கு முழத்துக்குள் அணுகலாகாது. பதின்மருள் ஒருவனாய் அவனை எண்ணவும் ஆகாது. துரானோ அதற்குச் சற்று முன்னர்தான் ஒரு மணவிருந்தில், எம் முன்னோர்க்குச் சட்டம் அருளிய நாளில் மலைமேல் இறைவன் முழங்கிய குரல் செவியிற் கேட்டதன்று, அறிவில் உணர்ந்ததே என்று இளைஞர் கூட்டத்துக்கு விளக்கியிருந்தார். மூன்று கிழமை இருவரும் மோதினர். குரலே இல்லையெனில் கட்டளையும் இல்லை என்றார் மக்கீர். இறைவனுக்குத் தொண்டை உண்டென்பதே பெரும்பழி என்றார் துரான். இருவர் தொண்டையும் கட்டிப்போனதுதான் மிச்சம். இறுதியில் எஞ்சிய எண்மரும் விலக்கோலையில் ஒப்பமிட்டோம். எனக்கு அந்தக் கிரேக்கரையும் தெரியாது, அவர் எழுதியதும் தெரியாது. பக்கத்திலிருந்தவர் இட்டார், நானும் இட்டேன். வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது!

அந்த ஓய்வுநாட் காலையில் சுருளை வெளியே எடுத்து மேடையில் வைத்தனர். வாசிப்பு, அதன்பின் தாய்க்கான வாழ்த்துரை, அதன்பின் விலக்கு என்பது ஏற்பாடு. சுருளை விரிக்குமுன் பெண்கள் பக்கத்திலிருந்து துரானின் மனைவி எசுத்தெலினா வந்து மேடையின்மேல் கைவைத்து நின்றாள். தீங்கிழைக்கப்பட்டவர் எவராயினும் வாசிப்பை நிறுத்தி முறை கேட்கலாம் என்பது எம் வழக்கு. ஆகவே அவளை விலகச் சொல்ல எவர்க்கும் வாய் வரவில்லை.

“எண்ணிப் பாருங்க,” என்றாள். “இவரைச் சேர்த்தாத்தான் பத்து. பத்துப் பேர் இல்லாம விலக்கும் போட முடியாது. என்னங்க, எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். ஒம்போது பேர் உக்காந்து யாரை விலக்குறாங்கன்னு பார்க்கலாம்.”

மக்கீரின் முகம் வெளுத்தது. ஆயினும் சட்டத்தை மறைக்கும் மனிதர் அல்லர் அவர். அவள் சொல்வதே சரி என்று அனைவர் செவியிலும் படும்படி ஒத்துக்கொண்டார். துரான் எழுந்தார். கதவுவரை நடந்தார். தாழில் கைவைத்தவர் ஏனோ திரும்பினார்.

“மக்கீரு, அம்மாவுக்கு இன்னைக்குச் சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல.”

துரான் திரும்பி வந்து தம் இடத்தில் அமர்ந்தார். “அவங்க கையால தின்னு வளர்ந்த உடம்பு இது. நான் போனா அவங்களுக்கு இன்னைக்கு வாழ்த்து இல்ல. முதல்ல அதைச் சொல்லு. அப்புறம் என்னை விலக்கு.”

“அப்ப நாளைக்கு?” என்றாள் எசுத்தெலினா. மக்கீர் சுருளை விரித்தார்.

வாசிப்பு முடிந்ததும் தாய்க்கான வாழ்த்துரையைச் சொன்னார் மக்கீர். எல்லார் குரலினும் உயர்ந்து ஒலித்தது துரானின் ஆமென். பின்னர் மக்கீர் விலக்கோலையை எடுத்து, பெயர் உட்பட முழுதும் வாசித்தார். துரான் எழுந்து வெளியேறினார்.

மறுநாளிலிருந்து நாங்கள் ஒன்பதின்மர். மழைக்காலம் ஆகையால் வழிப்போக்கர் எவரும் மலையேறி வரவில்லை. ஒவ்வொரு மாலையும் மக்கீர் வழக்கம்போல் எழுவார், எங்களைப் பார்வையால் எண்ணுவார், வாய் திறவாமலே அமர்வார். வெளியே வாயிற்படிக்கு நான்கு முழத்துக்கு அப்பால், மேலாடை நனைய நனைய நின்றுகொண்டிருப்பார் துரான். எதற்கென்று எசுத்தெலினா கேட்டதற்கு, யாரேனும் அயலூரான் வந்து எண்ணிக்கை நிறைந்து மக்கீர் வாய் திறந்தால், தம் ஆமென் இல்லாமற் போய்விடக் கூடாதே என்றாராம்.

முப்பது நாள் கழிந்தது. கருத்தை மாற்றிக்கொள்ளாதவனை மீண்டும் விலக்குக என்றிருந்தது ஓலை. முப்பத்தொன்றாம் மாலை மக்கீர் அவ்வோலையைக் கையிற் பிடித்தபடி வாயிற்படிவரை சென்றார்.

“சொன்னதை மாத்திக்கிட்டியா?”

“இல்ல.”

மக்கீர் ஓலையை மடித்துச் சட்டைக்குள் செருகினார்.

“ம். நானும் மாத்திக்கல. உள்ள வா, ஆள் குறையுது.”

மலைமேல் எழுந்த குரல் செவியில் விழுந்ததோ அறிவில் விழுந்ததோ, எங்கள் ஊரில் இன்றுவரை முடிவாகவில்லை. அவ்விருவரும் முடிவு காணாமலே, அதே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பூசலிட்டபடியே முதிர்ந்து, ஒருவர்பின் ஒருவராய் மண்ணுள் அடங்கினர். ஆயினும் ஒரு தாய்க்கு முப்பது நாள் வாழ்த்து நின்றது நின்றதுதான். எத்துணை பெரிய அறிஞர் கூடினும் அந்நாட்களைத் திருப்பித் தர இயலாது. விலக்கோலையில் ஐந்தாவதாய் இருந்த ஒப்பம் என்னுடையது.