அத்தைக்கு ஒரு டிஸ்க்

முதல் டிஸ்க்கில் படம் வந்தது, சத்தம் வரவில்லை.

லேப்டாப்பின் ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒலியை முழுக்கக் கூட்டிப் பார்த்தாள். அப்போதும் கப்சிப். படத்தில் மாடிப்படிகள் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறின, ஒரு கை வந்து கதவைத் திறந்தது, காலி அறை ஒன்று தெரிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. எடுத்த அவள் புருஷனோ வாய் ஓயாத மனுஷன். வேலை செய்த இடத்தில் அவனுக்கு ‘ரேடியோ’ என்றே பெயர். போன மழைக்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே இருந்து வந்தவர்கள்கூட, “எங்க ரேடியோ போயிடுச்சேம்மா” என்று சொல்லித்தான் அழுதார்கள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அவன் போனில் எடுத்த வீடியோ அது. அவன் அம்மாவுக்காக எடுத்தது. அத்தைக்குக் கண் பார்வை மங்கி நாளாகிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். மூன்று மாடி ஏறிப் புது வீட்டைப் பார்க்க அவளால் முடியாது. அதனால் மகன் போனைத் தூக்கிக்கொண்டு, வாசல்படியிலிருந்து சமையலறை ஜன்னல் வரைக்கும் ஒவ்வொன்றாக வாயாலேயே காட்டியிருந்தான். அத்தைக்குப் போன் ஒத்துவராது. விரல் பட்டால் ஒன்று, படாவிட்டால் ஒன்று என்று அது தன் இஷ்டத்துக்கு ஆடும். ஆனால் தன் வீட்டிலிருந்த பழைய டிஸ்க் பிளேயரின் பட்டனைத் தடவிப் பார்த்தே அழுத்துவாள். “டிஸ்க்ல போட்டுத் தர்றேம்மா” என்று அவன் சொல்லியிருந்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போய்க் கடைசியில் அவனே இல்லாமல் போனான்.

அவன் விட்டுப்போன வேலைகளில் இது ஒன்றாவது தன் கையால் முடியட்டும் என்று, விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற கை அது. நுணுக்கமான வேலைக்குப் பழகிய கை. ஆனால் இந்தச் சத்தம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இரண்டாவது டிஸ்க்கும் ஊமையாகத்தான் வந்தது. போனில் போட்டால் மட்டும் கணீரென்று பேசினான். “அம்மா...” என்று அவன் ஆரம்பித்ததுமே அவள் நிறுத்திவிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். வேறு ஊரில் கல்யாண வீடியோக்களைச் சேர்த்து ஒட்டிக் கொடுக்கிறவன்.

“அக்கா, எந்தக் காலத்து மென்பொருள் வச்சிருக்க? அது கிழவன் மாதிரி. புதுப் போனோட சத்தம் அதுக்குப் புரியாது. புரியலன்னும் சொல்லாது, பேசாம விட்டுட்டு மேல போயிடும்.”

“இப்ப என்ன பண்றது?”

“சத்தத்த மட்டும் தனியா பிரிச்சு எடு. அதை டிஸ்க்குக்கு ஏத்த மாதிரி மாத்து. அப்புறம் படத்தோட சேர்த்து ஒட்டு. நான் ஒரு மென்பொருள் அனுப்புறேன். இல்லன்னா என்கிட்ட குடு, நானே பண்ணித் தர்றேன்.”

“வேணாம், நானே பண்றேன்.”

“சரி. படத்த முதல்ல ஒரே வேகத்துக்கு மாத்திக்கக்கா. போன் ஒரு நேரம் வேகமா எடுக்கும், ஒரு நேரம் மெதுவா எடுக்கும். அப்படியே ஒட்டினா போகப் போகப் படம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போயிடும்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ சாப்பிட்டியா?” என்றான்.

“ஆச்சு” என்று வைத்துவிட்டாள்.

தம்பி சொன்னபடியே செய்தாள். சத்தம் படத்தைவிட்டுக் கழன்று தனிக் கோப்பாக வந்தது. திரையில் அது மலைத்தொடர் மாதிரி நீண்டு கிடந்தது. பேசுகிற இடமெல்லாம் உயரமாக, பேசாத இடமெல்லாம் சின்னச் சின்ன மேடாக. பேசாத இடத்தில் எப்படி மேடு வரும்? புரியாமல் ஹெட்போனை மாட்டி அந்த இடத்தை ஓடவிட்டாள்.

கீச்சென்று இழுத்தது. அவனுடைய மூச்சு.

படத்தோடு பார்க்கும்போது கண் முந்திக்கொள்ளும். காது அதைக் கவனித்ததில்லை. இப்போது கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அந்த இழுப்பு வந்தது. மூன்று மாடி ஏறியவனின் மூச்சு, குழாயில் காற்று புகுந்த மாதிரி, மெல்லிய விசிலோடு.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு கடைசியாக அவன் இழுத்தது இதே மூச்சைத்தான். டிரைவர் வண்டியை நிறுத்தி, யாரோ ஓடி, யாரோ தண்ணீர் கொண்டுவருவதற்குள் அந்த விசில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் குக்கரில் விசில் வருவதற்குள் அவள் அடுப்பை அணைத்துவிடுவாள்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இதைப் போய் பெற்றவள் எப்படிக் கேட்பாள்? மவுஸைப் பிடித்து முதல் மேட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடம் தட்டையானது. அடுத்ததையும் அழித்தாள். சாயங்காலம் விளக்கு போடுகிற வரைக்கும் ஒவ்வொரு மூச்சாகத் தேடித் தேடி எடுத்தாள். லென்ஸில் தூசு துடைப்பது போலத்தான் அதைச் செய்தாள். படத்தோடு ஒட்டி, டிஸ்க்கில் ஏற்றினாள். இம்முறை சத்தம் வந்தது. பேச்சும் படமும் விலகவில்லை. “அம்மா, இதான் வாசல்” என்று சுத்தமாக, கொஞ்சமும் திணறாமல் சொன்னான்.

மறுநாள் கடை முடிந்ததும் நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை தானே டிஸ்க்கை வாங்கி, தட்டைத் தடவி உள்ளே வைத்தாள். டிவிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது?

“அம்மா, இதான் வாசல். கதவு பச்சை. உனக்குப் பிடிச்ச பச்சை இல்ல, ஆஸ்பத்திரிப் பச்சை. இது ஹால். நம்ம பழைய கட்டிலப் போட்டா ஆள் உள்ள வர முடியாது, கட்டில் மட்டும் குடியிருக்கலாம். இதோ உன் மருமக. மூஞ்சிய உர்ர்னு வச்சிருக்கா, சாமான் தூக்கச் சொன்னாளாம், நான் படம் எடுத்துட்டிருக்கேனாம்...”

அத்தையின் உதடு சிரிக்கப் போனது. பிறகு நெற்றி சுருங்கியது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். வீடியோ பாதி ஓடுவதற்குள் கையை நீட்டி நிறுத்திவிட்டாள்.

“என்ன அத்தை? சத்தம் போதலையா?”

“சத்தம் இருக்கு. அவன் இல்ல.”

“அவர்தான் அத்தை. அவர் குரல்தான்.”

“குரல் அவனோடதுதான். இது என்னமோ செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. மூணு மாடி ஏறிட்டு, நடுவுல மூச்சு வாங்காம பேசுறானா என் பையன்? யார்கிட்ட சொல்ற?” பிறகு குரலைத் தாழ்த்தி, “மூச்சு எங்கம்மா போச்சு?” என்றாள்.

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “நான்தான் எடுத்துட்டேன்.”

அத்தை கோபப்படவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

“மூணு வயசுல வந்துச்சு அவனுக்கு அந்த இழுப்பு. பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பேன். விசில் வந்தா பிள்ளை இருக்கான். சத்தமே வரலன்னாதான் எனக்கு உயிர் போகும், எழுந்து மூக்குல கைய வச்சுப் பார்ப்பேன். அதைக் கேட்டுக் கேட்டே தூங்கிப் பழகினவ நான். நீ அதைப் போய் எடுத்துட்டியே, கண்ணு.”

“எனக்கு அது பஸ்ல கேட்ட சத்தம் அத்தை.” அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. அத்தை நாற்காலியைவிட்டு எழுந்து, காற்றில் துழாவி அவள் தலையைக் கண்டுபிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். காரியம் நடந்த நாட்களில்கூட அவர்கள் இப்படிச் சேர்ந்து அழுததில்லை. அப்போது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

“நீ கேட்காத” என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனக்கு மட்டும் உள்ளபடி போட்டுக் குடு.”

கேட்காமலே செய்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். எதையும் அழிக்காத சத்தத்தை எடுத்து, மாற்றி, ஒட்டி, டிஸ்க்கில் ஏற்றினாள். எல்லாம் முடிந்தபிறகுதான் உறைத்தது. சத்தம் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டால்தானே தெரியும்? மறுபடி ஊமை டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த மனுஷி தாங்குவாளா?

கதவைச் சாத்திவிட்டு, தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு ஓடவிட்டாள். வாசல் வந்தது, விசில் வந்தது. ஹால் வந்தது, விசில் வந்தது. நடுவில் ஒரு தடவை, “இரும்மா, ரேடியோவுக்குச் சார்ஜ் இறங்கிடுச்சு” என்று அவனே தன்னைக் கிண்டல் செய்துகொண்டு நின்று மூச்சு வாங்கினான். அதையும் முழுசாகக் கேட்டாள். தலையணையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். டிஸ்க் சரியாகத்தான் இருந்தது.

அத்தையிடம் கொடுத்துவிட்டு, போடுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

அப்புறம் சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பழம் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனாள். படியேறும்போதே பேச்சு கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது. அவள் மணியை அழுத்தாமல் படியிலேயே நின்றாள். காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் போலிருக்கிறது.

“உள்ள ஆள் இருக்காங்க, பெல் அடிங்க. தினமும் இந்நேரம் ஒருத்தர் வந்து பேசிட்டிருப்பாரு. பாவம், நல்ல மூச்சிரைப்பு போல. யாருங்க அவரு?”

“எங்க வீட்டுக்காரர்.”

“ஓ, அப்படியா! டாக்டர்கிட்ட காட்டுங்க, அலட்சியமா விடாதீங்க.”

“சரிங்க, காட்டுறேன்” என்றாள் அவள்.

அந்தப் பெண் இறங்கிப் போனதும், பழப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் பேசி முடிக்கும் வரை படியில் உட்கார்ந்திருந்தாள்.